வயருக்கு வழியில்லை, புளூடூத் வேணுமாம்

அண்டைக்கு எனக்கு வந்த கொதிக்கு, கையில இருந்த பல்லு வேர் அளக்கிற மெசினைத் தூக்கி ஏ9 வீதியில எறிஞ்சிருப்பன். பின்னால வாற வவுனியா பஸ் அதுக்கு மேல ஏறினாலும் அது "அபெக்ஸ்", அதாவது வேர் நுனி வந்திட்டுது, எண்டுதான் கத்தியிருக்கும். ஏனெண்டால் அதுக்கு அப்ப தெரிஞ்ச ஒரே சொல் அதுதான்.

ஒட்டுசுட்டான் பக்கத்திலயிருந்து ஒரு ஐயா வந்தவர். கீழ்க் கடைவாய்ப்பல்லு, மூண்டு நாளா நித்திரை இல்லை. கதிரையில இருந்த உடன "பிடுங்கி விடு பிள்ளை" எண்டார். வன்னியில பல்லு வைத்தியம் பாக்கிற எல்லாருக்கும் இந்த வசனம் மனப்பாடம். அவரிலயும் பிழையில்லை. பிடுங்கிறது ஒரு நாள் வேலை. பல்லைப் பிடுங்காமல் வேருக்குள்ள சுத்தம் செய்து அடைக்கிற றூட் கனால் எண்டால் ரெண்டு மூண்டு தரம் பஸ் ஏறவேணும், காசும் கூட. பக்கத்துப் பல்லு ஏற்கனவே போட்டுது, இதுவும் போனால் அந்தப் பக்கத்தால சப்பவே ஏலாது எண்டு அரை மணித்தியாலம் கெஞ்சாத குறையா விளங்கப்படுத்தினன். காலபோக நெல்லு வித்த காசு கொஞ்சம் மிச்சம் கிடந்தபடியால் மனுசன் ஓமெண்டார்.

விறைப்பூசி போட்டு, பல்லைத் திறந்து, பத்தாம் நம்பர் ஃபைலை, அதான் வேருக்குள்ள விட்டுச் சுரண்டிற மெல்லிய கம்பியை, மெல்ல விட்டன். ரெண்டு மில்லிமீற்றர்கூடப் போகேல்லை, மெசின் கீயெண்டு அலறத் தொடங்கீற்றுது.

ஐயா ஒரு கண்ணைத் திறந்தார். "பிள்ளை, உது ஏன் கத்துது? எனக்கு ஏதும் பெரிய வருத்தமோ?"

வருத்தம் உங்களுக்கில்லை ஐயா, மெசினுக்கு.

இந்த வேலை தெரியாத ஆக்களுக்கு ஒருக்காச் சொல்லீற்றுப் போறன். பல்லு வேருக்குள்ள இருக்கிற கால்வாயைச் சுத்தம் செய்யேக்க அது எங்க முடியுது எண்டு தெரியவேணும். முன்னுக்கே நிண்டால் அழுக்கு மிஞ்சும், பல்லு திரும்ப வலிக்கும். தாண்டிப் போனால் கழுவுற மருந்து எலும்புப் பக்கம் போய் முகமே வீங்கும். உள்ளுக்க எட்டிப் பாக்க ஏலாது. அதுக்குத்தான் அபெக்ஸ் லொக்கேற்றர். உதட்டில ஒரு கொழுக்கி, ஃபைலில ஒரு கிளிப், ரெண்டுக்கும் நடுவில நோயாளிக்கே தெரியாத அளவுக்குச் சின்னக் கறண்ட். 1942 இல சுசுக்கி எண்ட யப்பான்காரர் நாய்ப் பல்லுகளில ஆராய்ச்சி செய்யேக்க, கால்வாய்க்குள்ள இருக்கிற கருவிக்கும் வாய்த் தோலுக்கும் இடையில மின்தடை மாறாமல் நிக்குது எண்டு கண்டவர். அதைப் பிடிச்சுக்கொண்டு 1962 இல சுனாடா எண்டவர் மனிசரின்ர பல்லை அளக்க வழி செய்தார். அந்த அளவு 6.5 கிலோ ஓம். சின்னப் பிள்ளையின்ர பல்லெண்டாலும் கிழவரின்ர பல்லெண்டாலும் கிட்டத்தட்ட அதேதான். நினைக்க நினைக்க எனக்கு இப்பவும் புதினமாத்தான் கிடக்கு.

சரி, அலறலுக்கு வருவம். ரெண்டு மில்லிமீற்றரிலயே அபெக்ஸ் எண்டு காட்டினால் பல்லு வைத்தியருக்கு முதல் வாற பயம், ஐயோ வேரில ஓட்டை போட்டிட்டனோ எண்டதுதான். எனக்குக் கை சில்லிட்டுப் போச்சு. பிறகு எச்சிலோ எண்டு பாத்துத் துடைச்சன். பழைய அமல்கம் எண்ட உலோக ஃபில்லிங்கில ஃபைல் முட்டினாலும் கறண்ட் அதால ஓடிப் பொய் சொல்லும், அதையும் வெட்டி விலத்தினன். பற்றறி மாத்தினன். எல்லாம் முடிய, கடைசியா உதட்டுக் கொழுக்கியையும் கிளிப்பையும் வெளியில எடுத்து, துணிக்கு மேல ஒண்டையொண்டு முட்டாமல் தள்ளித் தள்ளி வைச்சன். பல்லும் இல்லை, வாயும் இல்லை, ஆளே இல்லை. அப்பவும் அபெக்ஸ் எண்டு கத்துது!

வயர். ரெண்டாப் பிரியிற இடத்தில உறை தேஞ்சு உள்ளுக்க ஒண்டோடொண்டு முட்டுது. ஒவ்வொரு நாளும் வேலை முடிய மெசினைச் சுத்தி வயரைச் சுத்தி வைச்சதால வந்த வினை. ஒரு முழ வயர், ஐயா. ஒரு முழம்.

அண்டைக்கு எக்ஸ்றேயை வைச்சு மல்லுக்கட்டினன். கீழ்க் கடைவாய்ப்பல்லின்ர முன் வேரில ரெண்டு கால்வாய், படத்தில ஒண்டுக்கு மேல ஒண்டு விழுந்து நிக்குது. கோணத்தை மாத்தி இன்னொரு படம், பிறகும் ஒண்டு. ஐயாவுக்கு வாய் திறந்து திறந்து தாடை நோக வெளிக்கிட்டுது. மருந்து வைச்சு மூடி, பேந்து வாங்கோ எண்டு அனுப்பினன். அவர் போன பிறகு எனக்கு வெக்கமாப் போச்சு. பிடுங்க வந்த மனுசனை மறிச்சு வைச்சது நான்தானே.

கொழும்பு ஏசென்றுக்கு எடுத்தால், "அந்த மொடல் இப்ப வாறேல்லை டொக்டர். வயர் தனிய வராது. முழுசா அனுப்புங்கோ, பாப்பம்" எண்டினம். 300 கிலோமீற்றருக்கு மேல பஸ்ஸில ஒரு வயர் போய்த் திரும்பி வரவேணுமாம். அதுக்கு முதல் கிளிநொச்சியில போன் திருத்திற பெடியனிட்டக் குடுத்துப் பாத்தன். ஈயம் வைச்சுத் தந்தான், நாலு நாள் ஓடிச்சுது, பிறகு பழையபடி. அவன் காசும் வாங்கேல்லை. கொழும்பில "பாக்கிறதுக்கே" காசு.

அப்ப புதுசு ஒண்டு வாங்குவம் எண்டு வெளிக்கிட்டன். அங்கதான் உண்மையான கொதி தொடங்கினது.

விற்க வந்த தம்பி நல்ல பெடியன்தான், நேர்த்தியான சேட்டு, கையில ரப்லெட். "டொக்டர், இது ஆறாம் தலைமுறை. கலர் ஸ்கிறீன். புளூடூத் இருக்கு, போனிலயே பாக்கலாம்." நான் ஏன் தம்பி போனில பாக்கவேணும்? நோயாளியின்ர வாய்க்குள்ள ரெண்டு கையும் கிடக்கேக்க போனை எந்தக் கையால பிடிக்கிறது? இந்தத் தலைமுறைக் கணக்கும் எனக்கு விளங்கேல்லை. முதல் வந்தது வெறும் மின்தடையை அளந்தது, கால்வாய் ஈரமா இருந்தால் உளறும். 90களின்ர தொடக்கத்தில வந்த றூட் இசட்எக்ஸ் எண்ட மெசின், 8 கிலோ ஹேர்ட்ஸ், 0.4 கிலோ ஹேர்ட்ஸ் எண்டு ரெண்டு அலைவரிசையில அளந்து விகிதம் பாத்தது. ஈரத்துக்குள்ளயும் அது வேலை செய்தபடியால் அது மெய்யான மாற்றம். அதுக்குப் பிறகு நாலு, அஞ்சு, ஆறு எண்டு ஏறிக்கொண்டு போறதில பாதி, பெட்டிக்கு மேல ஒட்டுற விளம்பரம்.

நான் கேட்டது வேற. வயர் தனிய விக்கிறீங்களோ? என்ன விலை? இப்ப கொழும்பில கையிருப்பில கிடக்கோ? உதட்டுக் கொழுக்கியை கிருமி கொல்லுற ஓட்டோகிளேவில போட்டால் எத்தினை தரத்தில கறுக்கும்? உள்ளுக்க வைச்சு மூடின பற்றறியோ, இல்லாட்டி கடையில வாங்கிற சின்னப் பற்றறியோ? இஞ்ச கறண்ட் நிண்டு வரேக்க ஒரு உதறு உதறும், சார்ஜில கிடக்கிற சாமானெல்லாம் அதோட போகும். பற்றறி மாத்திற மெசின் எண்டால் மாங்குளம் சந்திக் கடையில ரெண்டு வாங்கிப் போட்டு வேலையை முடிப்பன். தம்பி எல்லாத்துக்கும் ஒரே பதில்: "கேட்டுச் சொல்லுறன் டொக்டர்." ஸ்கிறீன் எத்தினை அங்குலம் எண்டதை மட்டும் கேக்காமலே சொன்னார்.

பேந்து கதையை மாத்தி, "ஃபைலைச் சுத்திற மோட்டரோட சேந்து வாற மெசின் எடுங்கோவன், நுனி வந்தால் தானே நிண்டு மற்றப் பக்கம் சுத்தும்" எண்டார். நல்ல சாமான்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஒண்டு பழுதானால் ரெண்டும் கொழும்புக்குப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, ஆராய்ச்சிக் கட்டுரையளைப் பாத்தாவது முடிவெடுப்பம் எண்டு இருந்தால், கனக்கக் கட்டுரையில பிடுங்கின பல்லை, பல்லு அச்செடுக்கிற அல்ஜினேற்றுக் களியில புதைச்சு வைச்சு அளக்கினம். ஒரு மெசினுக்கும் மற்ற மெசினுக்கும் வித்தியாசம் நூல் அளவு. அரை மில்லிமீற்றருக்குள்ள எல்லாம் சரி, எல்லாம் நல்லது. அல்ஜினேற்றுக்கு எச்சில் ஊறாது, இருமல் வராது, வெத்திலை வாயும் இல்லை. வயர் எத்தினை மாதத்தில அறும் எண்டு அளந்த ஒரு கட்டுரையும் என்ர கண்ணில படேல்லை.

ஸ்கிறீனில "0.5" எண்டு கிடக்கிற கோடு நுனிக்கு அரை மில்லிமீற்றர் இருக்கு எண்டு அர்த்தமில்லை எண்டதையும் விற்கிற ஒருத்தரும் சொல்லுறதில்லை. அது மில்லிமீற்றரே இல்லை, சும்மா ஒரு குறி. அபெக்ஸ் மட்டும் போய்த் தொட்டு, அதில இருந்து அரை மில்லிமீற்றரோ ஒண்டோ பின்னுக்கு வந்தால்தான் நம்பலாம். புதுசா வெளிக்கிடுற பிள்ளையள் கோட்டை நம்பி நிக்குதுகள்.

ஆலோசனை சொல்ல ஆக்களுக்குக் குறைவில்லை. என்ர மூத்த வைத்தியர் ஒருத்தர், "நாங்கள் அந்தக் காலத்தில விரலால உணர்ந்துதான் செய்தனாங்கள், எக்ஸ்றே காணும்" எண்டார். மரியாதையான மனுசர், வாய் திறக்கேல்லை. ஆனால் 1955 இலயே குட்லர் எண்டவர் காட்டிப்போட்டார், பெரும்பாலான பல்லுகளில கால்வாய் முடியிற துவாரம் வேரின்ர நுனியில இல்லை, பக்கத்தில திறக்குது எண்டு. தட்டையான படத்தில அது எங்க தெரியப்போகுது? மேல் கடைவாய்ப்பல்லில கன்ன எலும்பு வந்து வேரை மறைக்கும். இஞ்ச இன்னொண்டும் இருக்கு. போன மாதம் ஒரு அம்மா, கன்னத்தில 2009 இல பட்ட ஷெல் பீஸ். படம் எடுத்தால் வெள்ளையா அது மட்டும்தான் தெரியுது, வேர் அதுக்குப் பின்னால. "இந்த மெசின் கறண்ட் பீஸில பட்டு எனக்கு ஏதும் செய்யுமோ?" எண்டு அவ பயந்தவ. ஃபைல் அதில முட்டாத வரைக்கும் ஒண்டும் செய்யாதம்மா எண்டு செய்து முடிச்சனான். அண்டைக்கு வயர் நல்லா இருந்தது. அந்த அம்மாவுக்கு எக்ஸ்றே காணும் எண்டு ஆர் சொல்லுவினம்?

லண்டனில இருக்கிற சிநேகிதி, "ஒன்லைனில ஓடர் பண்ணடி, மலிவு" எண்டாள். மருந்து, மருத்துவ உபகரணங்களைக் கட்டுப்படுத்திற 2015 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டம், பதிவு, சுங்கம் எல்லாம் அவளுக்கு மறந்துபோச்சு. அது போகட்டும், 2022 இல டொலர் 200 ரூபாயில இருந்து 350 ஐத் தாண்டினதுக்குப் பிறகு, "மலிவு" எண்ட சொல்லை அங்கயிருந்து ஆரும் சொன்னால் எனக்குக் காது அடைக்குது. கனடாவில இருந்து மாமா வரேக்க கொண்டு வருவார் எண்டு இன்னொரு திட்டம். மாமா கொண்டு வருவார், பழுதானால் மாமாவே வந்து திருத்துவாரோ?

கடைசியா அந்த ரப்லெட் தம்பிக்கு வட்ஸ்அப்பில எழுதிப் போட்டன். எந்த மெசின் எண்டாலும் பரவாயில்லை, எந்த நாடு எண்டாலும் பரவாயில்லை. மேலதிகமா ரெண்டு வயர், நாலு கொழுக்கி, ரெண்டு ஃபைல் கிளிப், இவ்வளவையும் மெசினோட சேத்துக் கையில தந்தால் அண்டைக்கே காசு. நீல நிறத்தில ரெண்டு சரி விழுந்துது. மூண்டு நாள். பிறகு ஒரு படம் வந்துது. புது மொடல், ஊதா நிறம்.

நேற்றுப் பின்னேரம் ஐயா கோல் எடுத்தவர். சிறுபோக வயல் வேலை தொடங்க முதல் வந்து முடிச்சிட்டுப் போகட்டோ எண்டு கேட்டார். நான் சொல்லு தேடிக்கொண்டு நிக்க, அவரே கேட்டார்:

"அந்த மெசினுக்கு இப்ப சுகமோ, பிள்ளை?"

"கொழும்புக்குப் போனது இன்னும் வரேல்லை ஐயா" எண்டன்.

"சரி சரி, அதுக்கும் ஆறுதலாப் பாக்கட்டும்" எண்டார்.