பாடம் முடிந்ததும் அம்மா அப்பா திரும்பி வர வேண்டும்

வீட்டுக்கல்வி தொடங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பதெல்லாம் பாடத்திட்டம் பற்றித்தான். எந்தப் புத்தகம், எத்தனை மணி நேரம், தேர்வு எப்படி. இதெல்லாம் போகப் போகப் பிடிபட்டுவிடும். பாடத்தில் திணறி அழுத குழந்தை அன்றைக்கு யாரிடம் போய் ஆறுதல் தேடும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு இதில் குழப்பம் இல்லை. டீச்சர் திட்டினால் வீட்டுக்கு வந்து மடியில் விழலாம். கணக்கில் முட்டை வாங்கினாலும் வீட்டில் அது செல்லப் பிள்ளைதான். வீட்டிலேயே படிக்கும் குழந்தைக்குத் திருத்துபவரும் தேற்றுபவரும் ஒரே ஆள். அதனால் "ரெண்டு பொறுப்பையும் சமமா பேலன்ஸ் பண்ணணும்" என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புதல் இல்லை. சமமே கிடையாது. ஆசிரியர் வேலையைத் தேவைப்பட்டால் இன்னொருவரிடம் கொடுக்கலாம். அம்மா அப்பா வேலையை யாரிடம் கொடுப்பது?

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் பல பிள்ளைகள் ஏதோ ஒரு கட்டத்தில் 2/5 என்று எழுதும். மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடும். அந்த நொடியில் நம் முகத்தில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ஒரு சின்னப் பெருமூச்சு, லேசாகச் சுருங்கும் புருவம், "நல்லாப் பாரு" என்கிற அந்தக் குரல். எந்த ஆசிரியரின் முகத்தையும் ஒரு குழந்தை இவ்வளவு நுணுக்கமாகப் படிக்காது. இது பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய முகம் அல்லவா! நோட்டை விட்டுவிட்டு நம்மைப் பார்த்தபடியே அழித்து அழித்து எழுதும். 2/6? 3/6? 5/6? நம் முகம் மலர்ந்ததும் நிறுத்திவிடும். விடை வந்திருக்கும், கணக்கு வந்திருக்காது.

அதே இடத்தில், "இந்த 2/5 அரையைவிடப் பெரிசா, சின்னதா?" என்று கேட்டுப் பாருங்கள். சின்னதுதான். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அது எப்படி அரையைவிடக் குறையும்? குழந்தையே நிமிர்ந்து உட்காரும். தப்பு இப்போது காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது, நமக்கும் பிள்ளைக்கும் நடுவில் இல்லை. நல்ல ஆசிரியர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். பெற்றோருக்கு இது கடினமாக இருப்பதற்குக் காரணம் பொறுமைக் குறைவு அல்ல, பயம். பிள்ளையின் ஒவ்வொரு தப்பிலும் "இவன் எதிர்காலம் என்ன ஆகும், நான் எடுத்த முடிவு சரியா" என்ற கேள்வி நமக்குள் எழுகிறது. பாவம், அந்தப் பின்னக் கணக்குக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"நேத்துதானே சொல்லிக் கொடுத்தேன்!" என்ற வார்த்தையும் இந்தப் பயத்திலிருந்து வருவதுதான். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தானே மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே மறந்துபோகிறது என்று 1885-இல் எழுதிவிட்டார். மறப்பது அலட்சியம் அல்ல, மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. கொஞ்சம் மறந்த பிறகு யோசித்து நினைவுக்குக் கொண்டுவருவதுதான் மனதில் தங்குகிறது. அனுபவமுள்ள ஆசிரியர் இதற்கெனவே மறுநாள் பழைய பாடத்தில் ரெண்டு கேள்வி கேட்பார். பெற்றோர் நாம் பிள்ளை மறந்ததை அவமரியாதையாக எடுத்துக்கொள்கிறோம்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்தால் சராசரி மாணவன்கூட வழக்கமான வகுப்பில் 98 சதவீதம் பேரை முந்திவிடுகிறான் என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் 1984-இல் எழுதினார். பிற்கால ஆய்வுகளில் பலன் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் பலன் உறுதியாக இருக்கிறது. வீட்டில் வருகைப் பதிவு இல்லை, முப்பது பேரை அமைதிப்படுத்த வேண்டியதில்லை. சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி அளவுக்கு மணிக்கணக்கில் பாடம் நடத்தத் தேவையே இல்லை. காலையிலேயே முடித்துவிடலாம். முடிந்தால் முடிந்ததுதான். மழையை வேடிக்கை பார்க்கும் பிள்ளையிடம் போய் ஆவியாதல் என்றால் என்ன என்று கேட்காதீர்கள். அது கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் கூட உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள்.

எங்கள் வீட்டில் உறுதியாக வைத்திருக்கும் வழக்கம் ஒன்று உண்டு. வேலை முடிந்து வருபவர் வாசலிலேயே "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்கக் கூடாது. அவராவது முழுநேரப் பெற்றோராக இருக்கட்டும். குழந்தையின் பாடத்தைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வது அது தூங்கிய பிறகுதான். நான் எழுதும் குறிப்பிலும் "கவனமே இல்லை", "சோம்பேறித்தனம்" என்று எழுதுவதில்லை. "பின்னங்களின் கீழ் எண்களைச் சமமாக்க இன்னும் வரவில்லை" என்று எழுதினால் நாளைக்கு என்ன செய்வது என்று தெரியும். "சோம்பேறி" என்று எழுதினால் கோபம்தான் வரும். பாடம் முடிக்காததற்குத் தண்டனையாக விளையாட்டை நிறுத்துவது, பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது இரண்டும் வேண்டவே வேண்டாம். முக்கியமாக இரண்டாவது. எந்த ஆசிரியரிடமும் இல்லாத ஆயுதம் அது.

உங்களுக்கே பயமான பாடத்தைத் தயங்காமல் வேறு ஒருவரிடம் விடுங்கள். கணக்கு என்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவும்போது, முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகவே கற்றார்கள், அவர்களுக்கும் அந்தப் பதற்றம் கூடியது என்று அமெரிக்காவில் 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. உதவி குறைவாக இருந்த வீடுகளில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. அத்தையோ மாமாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ, ஆன்லைன் வகுப்போ, யாராக இருந்தாலும் சரி. வீட்டுக்கல்வி என்றால் எல்லாப் பாடத்தையும் பெற்றவர்களே நடத்த வேண்டும் என்று யார் சொன்னது?

அப்புறம் உறவினர்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளையைப் பார்த்ததும் "எங்கே, பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு" என்று ஆரம்பிப்பார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் அந்த இடத்தில், என் மாணவி நன்றாகச் சொல்லி என் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் நினைக்கக் கூடாது. "பாடத்தைப் பத்தி என்கிட்ட கேளுங்க சித்தி, அவ விளையாடட்டும்" என்று சொல்லிவிடுகிறேன். சித்திக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பரவாயில்லை, அதை நான் பேசிச் சரிசெய்துகொள்வேன்.