அந்தக் கருப்பு டீ-ஷர்ட் வேஷம் இல்லை

மூன்று நாளாகப் பேசாமல் இருந்தேன். அந்தப் பகிர்வைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். நண்பர்கள் ஐந்து பேர் கருப்பு டீ-ஷர்ட்டில் ஒரு ராக் கச்சேரிக்குப் போனபோது எடுத்து நான் போட்ட பழைய படம், அதைப் பகிர்ந்த ஒருவர் அதன் மேல் எழுதிய ஒரு வரி, அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். கிண்டல் எனக்குப் பழகியதுதான். ஆனால் "அப்பன் காசில் வெள்ளைக்காரன் வேஷம் கட்டிய கூட்டம்" என்ற அந்த வரியில் இரண்டு பொய் இருக்கிறது. காசும் பொய், வேஷமும் பொய்.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் பேண்ட் அயர்ன் மெய்டன் இந்தியாவில் முதல் முறையாக வாசித்த இரவு. படத்தில் இருக்கும் ஐந்து பேரில் நான்கு பேர் அயனாவரம், பெரம்பூர் பக்கத்துப் பையன்கள். என் அப்பா ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். டிக்கெட் காசுக்காக நான் மூன்று மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தேன். வெள்ளிக்கிழமை இரவு பெங்களூர் மெயிலில் அன்ரிசர்வ்டு பெட்டி, கழிவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போனோம். ஜோலார்பேட்டையில் இறங்கிக் குடித்த டீதான் எங்களுக்கு இரவுச் சாப்பாடு. இதில் அப்பன் காசு எங்கே வந்தது?

போட்டிருந்த டீ-ஷர்ட்டும் கடையில் வாங்கியது இல்லை. வெறும் கருப்பு டீ-ஷர்ட் ஐந்து வாங்கி, அந்த பேண்டின் சின்னமான எடி என்ற எலும்புக்கூடு போன்ற உருவத்தை எங்களில் ஒருவன் ஃபேப்ரிக் பெயின்ட்டால் கையாலேயே வரைந்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் பிடித்தது. படத்தில் இடது ஓரம் நிற்கிறானே, நீளமான முடி, அவன்தான். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வேஷம் என்றால் என்ன? தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டுவது. எங்களுக்கு அந்த இசை தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் அவர் கேட்டிருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஆங்கிலோ இந்தியர் ஒருவர் இருந்தார். ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு ஜன்னல் வழியாகத்தான் டீப் பர்ப்பிள் என்ற ராக் பேண்டை முதலில் கேட்டேன், ஆறாவது படிக்கும்போது. பிறகு பர்மா பஜார். அங்கே ஒரே எம்.பி.3 சி.டி.யில் ஒரு பேண்டின் மொத்த ஆல்பங்களும் கிடைக்கும். ஒரு சி.டி. ஐந்து வீடு சுற்றும். கீறல் விழுந்த இடத்தில் பாட்டு நின்றுவிட்டால் மிச்சத்தை நாங்களே பாடி முடிப்போம்.

"இங்கிலீஷ் புரிந்துதான் கேட்டீர்களா?" என்று அங்கே ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், தமிழ் மீடியத்தில் படித்தவன்தான் நான். முதலில் ஒரு வரியும் புரியவில்லை. அதனாலேயே உட்கார்ந்து படித்தோம். மெய்டனின் 'ரன் டு தி ஹில்ஸ்' பாட்டு, அமெரிக்காவின் பூர்வகுடிகளின் நிலத்தை வெள்ளைக்காரன் பறித்த கதை. 'தி ட்ரூப்பர்' 1854இல் நடந்த கிரிமியப் போர்ச் சண்டை. 1984இல் வந்த அவர்களுடைய ஆல்பம் ஒன்றில் பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு ஒன்று உண்டு, கோல்ரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவிஞரின் கவிதையை வைத்துச் செய்தது. அந்தக் கவிதையைத் தேடி நானும் டீ-ஷர்ட்டில் படம் வரைந்தவனும் கன்னிமாரா நூலகத்துக்குப் போய், ஒரு சனிக்கிழமை முழுக்க அகராதியை வைத்துக்கொண்டு நோட்டில் எழுதினோம். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. இதைத்தான் வேஷம் என்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு முக்கியம். இந்த வகை இசைக்கு முன்னோடியான பிளாக் சாபத் பேண்டின் கிட்டார்காரர் டோனி ஐயோமி பர்மிங்காமில் இரும்புத் தகடு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினேழு வயதில், வேலையை விடுகிற கடைசி நாளில், எந்திரத்தில் மாட்டி இரண்டு விரல் நுனி போய்விட்டது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். வலி தாங்காமல் கம்பிகளைத் தளர்த்தி வைத்தார். அந்தக் கனத்த சத்தத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். அதுவரை "என்னடா இரைச்சல்" என்று திட்டிக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். "எங்க ஷாப்லயே அப்படி ரெண்டு பேர் இருக்காங்கடா" என்றார். அதற்குப் பிறகு என்னைத் திட்டியதே இல்லை. பணக்காரப் பிள்ளைகளின் இசை என்று என் அப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

சரி, "நம் மண்ணின் இசை இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதிலேயேதான் வளர்ந்தோம். எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் கோவில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். ஆடி மாதம் முழுக்க அவர் பின்னால் வயர் சுருட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். இளையராஜா பாட்டில் வரும் கிட்டாரை வாசித்துக் காட்டி, "இதைப் பிடிச்சுட்டா அதுவும் வரும்" என்பார். ஏ.ஆர். ரஹ்மான் சினிமாவுக்கு இசையமைக்க வருவதற்கு முன்பு இதே சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் பேண்ட் வைத்திருந்தவர். அதை யாரும் வேஷம் என்று சொல்வதில்லை. ஜெயித்துவிட்டார் என்பதாலா? ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் கேட்கக் கூடாது என்ற சட்டம் எங்களுக்கு மட்டும் ஏன்?

கஞ்சா பற்றி எழுதியவர்களுக்கு: இல்லை. நாங்கள் ஐந்து பேரும் தொட்டதில்லை. கூட்டத்தில் யாராவது இருந்திருக்கலாம், எந்தக் கூட்டத்தில்தான் இல்லை? இதற்கு மேல் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"படத்தில் ஒரு பெண்கூட இல்லையே" என்று ஒரு தோழி கேட்டிருந்தார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு எங்களைவிட அதிகப் பாட்டு மனப்பாடமாகத் தெரியும். ராத்திரி ரயிலில் வெளியூருக்கு அவளை வீட்டில் விட மாட்டார்கள் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். கேட்கவே இல்லை. அது தப்புதான்.

அந்த ராத்திரியை எப்படிச் சொல்வது? முதலில் டெல்லியின் பரிக்ரமா வாசித்தார்கள். ராக் பேண்டில் வயலின் ஒலித்ததை அன்றுதான் நேரில் கேட்டேன். அப்புறம் மெய்டன். 'ஃபியர் ஆஃப் தி டார்க்' தொடங்கியதும், பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தக் கிட்டார் மெட்டை மொத்த மைதானமும் "ஓ ஓ" என்று பாடியது. பக்கத்தில் நின்றவன் ஷில்லாங் பையன். அவன் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவனுக்குப் புரியவில்லை, தோளில் கை போட்டுக்கொண்டு இருவரும் ஒரே மெட்டைக் கத்தினோம். வருடக்கணக்கில் கீறல் விழுந்த சி.டி.யில் கேட்டது எதிரில் நடக்கிறது. எங்களில் ஒருவன் அழுதான். அன்று யார் கையிலும் போன் உயரவில்லை. முடிந்ததும் சிட்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் படுத்தோம். விடிவதற்குள் யாரோ சொன்னார்கள், உலகக் கோப்பையில் இந்தியா 191 ரன்னுக்குச் சுருண்டு வங்கதேசத்திடம் தோற்றுவிட்டது என்று. ஊரே துக்கத்தில் இருந்தது, எங்களுக்கு உறைக்கவே இல்லை. காலை லால்பாக் எக்ஸ்பிரஸில் காது அடைத்தபடி ஊர் வந்தோம். வியர்வையில் எடியின் முகம் வெடித்து உதிர்ந்திருந்தது.

இப்போது கச்சேரிகளுக்குப் போகும் பிள்ளைகள்மேல் எனக்குப் பொறாமை இல்லை, போகட்டும். ஆனால் அந்தப் பகிர்வைப் போட்டவர் 2025 ஜனவரியில் அகமதாபாத் கோல்ட்பிளே கச்சேரியிலிருந்து பதினொரு படம் போட்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன். விமானத்தில் போனால் அனுபவம், அன்ரிசர்வ்டில் போனால் வேஷமா?

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் வேறு. முந்தாநாள் ராத்திரி அவன் கூப்பிட்டான், டீ-ஷர்ட்டில் படம் வரைந்தவன். 2008இல் கேம்பஸ் இன்டர்வியூவுக்காக முடியை வெட்டினான். தங்கை கல்யாணத்துக்குக் கிட்டாரை விற்றான். அதன் பிறகு ஒரு படமும் வரைந்ததாகத் தெரியவில்லை. "மச்சான், அந்த போட்டோவ எடுத்துடுடா. பொண்ணோட ஸ்கூல் குரூப்ல யாரோ போட்டுட்டாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றான். வாதாடிப் பார்த்தேன். "எடுத்துடுடா" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. எடுத்துவிட்டேன். படம் எங்கே என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அன்று பேலஸ் கிரவுண்ட்ஸில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த ஊரிலிருந்து, எப்படி, யார் காசில் வந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் அவனுக்கு அனுப்பப் போகிறேன்.