நம் நிறத்துக்கும் மெலனோமா வரும்

"நம்ம நிறத்துக்குத் தோல் புற்றுநோய் வராது, மச்சத்தையெல்லாம் பார்க்கத் தேவையில்லை" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் புற்றுநோய்தான் மெலனோமா; வெள்ளைத் தோல்காரர்களைவிட நமக்கு அது அரிதுதான். ஆனால் வரும்போது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் கட்டைவிரலில்தான் கண்டுபிடித்தார்கள். 1981இல் இறந்தபோது வயது 36.

குளித்துவிட்டுக் கால் துடைக்கும்போது பாதத்தைத் திருப்பி ஒரு பார்வை பாருங்கள், விரல் இடுக்கையும் சேர்த்து. மச்சத்தின் ஒரு பாதி மறுபாதி மாதிரி இல்லை, ஓரம் பிசிறடிக்கிறது, இரண்டு மூன்று நிறம் கலந்திருக்கிறது, 6 மி.மீ.க்கு மேல் இருக்கிறது என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவு சின்னதாக இருந்தாலும் மாறிக்கொண்டே போனால் காட்டத்தான் வேண்டும். அரிப்பு, ரத்தக் கசிவும் அப்படியே.

நகத்தில் நீளவாக்கில் கறுப்புக் கோடு நம்மில் பலருக்குச் சாதாரணமாகவே இருக்கும். ஒரே விரலில் புதிதாக வந்தாலோ, அகலமானாலோ, நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்குப் பரவினாலோ "எங்கேயாவது இடித்திருப்பேன்" என்று விட்டுவிடாதீர்கள். இடித்த ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னால் நகர்ந்துவிடும். அப்புறம், மச்சத்தில் சுண்ணாம்பு தடவி எரிக்கிற வேலையும் வேண்டாம்.