மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் பேசினதை யாரும் கேக்க மாட்டேங்குறீங்க

ரெண்டு நாளா பொறுத்துப் பார்த்தேன், முடியல. அந்த வாய்ஸ் நோட்டைப் பத்தி தான். இங்க சவுத் ஆப்பிரிக்காவுல, டர்பன்ல, சாட்ஸ்வொர்த்ல இருந்து ஃபீனிக்ஸ் வரைக்கும் அது போகாத வாட்ஸ்ஆப் குரூப் இல்ல, அதனால நடந்ததை முதல்ல இருந்து சொல்லப் போறதில்ல. 40 செகண்ட் ஓடுது. ஷாப் ஸ்டூவர்ட்டா, அதாவது ஃபேக்டரியில தொழிலாளிங்களுக்காகப் பேசுற யூனியன் பிரதிநிதியா இருக்குற நம்ம தங்கச்சி மேனேஜரைப் பார்த்து வோட்செக்னு (நாயைத் துரத்துற மாதிரி 'போடா'ன்னு) ஆரம்பிச்சு நான் இங்க எழுத முடியாத இன்னொரு வார்த்தையில முடிக்கிறா. எல்லாரும் கேட்டது அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் அந்த ரூம்ல என்ன பேச்சு நடந்துச்சுன்னு ஒருத்தர் கேக்கல. இப்ப அவ சஸ்பென்ஷன்ல இருக்கா. வியாழக்கிழமை ஹியரிங்.

மீட்டிங் எதுக்குன்னாவது தெரியுமா? நைட் ஷிப்ட் பொம்பளைங்க வீட்டுக்குப் போக வண்டி கேட்டு. சாயங்காலம் 6 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் உள்ள வேலைக்கு, ஷிப்ட் ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் வீட்டுக்கும் வேலைக்கும் போக வர வண்டி வசதி இருக்கணும்னு 1997ல வந்த பேசிக் கண்டிஷன்ஸ் சட்டத்துல 17ஆம் பிரிவுலயே இருக்கு. பிச்சை கேக்கல, சட்டத்துல இருக்குறதைக் கேட்டா. அதுக்கு அந்தாளு சொன்ன பதில் "புருஷன் இருக்குறவளுங்களை புருஷனை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு, இல்லாதவளுங்க தேடிக்கட்டும்"னு. ரோட்டுல வழிப்பறி நடந்து கைப்பையும் போனும் போய் அழுதுட்டு வந்த பொண்ணு அந்த ரூம்லயே உக்காந்திருக்கா, அவளை வெச்சுக்கிட்டு இதைச் சொல்லியிருக்கான். அதுக்கப்புறம் தான் அந்த 40 செகண்ட்.

நான் சொல்ல வர்றது ஒண்ணு தான், எத்தனை தடவை வேணாலும் சொல்றேன். அந்த ரூம்ல அவ அவனுக்குக் கீழ வேலை பாக்குற மெஷினிஸ்ட்டா போய் உக்காரல, யூனியன் பேர்ல, அத்தனை பேர் சார்பா உக்காந்தா. 1994லயே லேபர் அப்பீல் கோர்ட் சொல்லியிருக்கு, பேச்சுவார்த்தையில ஷாப் ஸ்டூவர்ட் சீனியர் மேனேஜ்மென்ட்டுக்குக் கிட்டத்தட்ட சமமான இடத்துல தான் இருக்காருன்னு. சமமா உக்காந்து சண்டை போடும்போது ரெண்டு பக்கமும் சூடு ஏறத்தான் செய்யும். ஆனா சார்ஜ் ஷீட் மட்டும் ஒரு பக்கத்துக்குத் தான் வருது. மேலதிகாரியை அவமதிச்சான்னு அவளுக்கு ஒரு பேப்பர் வந்துச்சு. அந்தாளு அந்தப் பொண்ணைப் பேசினதுக்கு எங்க பேப்பர்?

இன்னொண்ணும் கேளுங்க. ஷாப் ஸ்டூவர்ட் மேல நடவடிக்கை எடுக்கணும்னா முதல்ல யூனியனுக்குச் சொல்லி கலந்து பேசணும்னு லேபர் ரிலேஷன்ஸ் சட்டத்துக்குக் கீழ வந்த கோட் ஆஃப் குட் பிராக்டிஸ்ங்கிற நடைமுறை விதிகள்ல இருக்கு. சும்மா எழுதி வைக்கல அதை. யூனியனுக்காகப் பேசுறவளை பேசின பேச்சை வெச்சே வெளிய அனுப்பிடலாம்னு ஆச்சுன்னா அப்புறம் எவ பேசுவா? ஆனா கம்பெனி இவளுக்கு மெசேஜ் அனுப்புனதுக்கப்புறம் தான் யூனியன் ஆபீஸுக்கே தெரியும்.

இதை நான் புக்குல படிச்சு சொல்லல, எனக்கே நடந்துச்சு. 2000த்துக்கு அப்புறம் சைனா துணி வந்து குவிஞ்சு டர்பன்ல ஒவ்வொரு ஃபேக்டரியா மூடிக்கிட்டு இருந்த நேரம், எங்க ஃபேக்டரியில நான் ஷாப் ஸ்டூவர்ட். ஏழு மாசக் கர்ப்பிணி ஒருத்தி, டாய்லெட்டுக்கு எத்தனை தடவை போனான்னு சூப்பர்வைசர் நோட்டுல குறிச்சு வெச்சு அந்த நிமிஷத்துக்கெல்லாம் சம்பளத்தைப் பிடிச்சாங்க. கிரீவன்ஸ் மீட்டிங்ல நோட்டைக் காட்டுன்னேன், அப்படி ஒரு நோட்டே இல்லைன்னான் லானி, அதான் எங்க முதலாளி. மேசை மேலேயே இருந்துச்சு, அவன் கை அது மேல இருக்கு. நான் கையால மேசையைத் தட்டி "பொய் சொல்றியேடா நாயே"ன்னுட்டேன். தமிழ்ல தான் சொன்னேன், பக்கத்துல இருந்த ஒரு நல்லவரு அவனுக்கு மொழிபெயர்த்து சொன்னாரு.

அந்தப் பொண்ணுக்குப் பிடிச்ச காசு திரும்பக் கிடைச்சுச்சு, எனக்கு ஃபைனல் வார்னிங் கிடைச்சுச்சு, 12 மாசத்துக்கு. வேலை போகலையே, சந்தோஷப்படுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஆனா அந்த 12 மாசம் நான் என்ன பண்ணேன்னு தெரியுமா? வாயைத் திறக்கல. வீட்டுல ரெண்டு பிள்ளைங்க, அவருக்கும் வேலை இல்ல. அந்த வருஷம் மூணு பேரோட ஹியரிங்ல அவங்க பக்கத்துல போய் உக்காந்தேன், "எஸ் சார், நோ சார்"னு உக்காந்துட்டு வந்தேன், மூணு பேருக்கும் வேலை போச்சு. அதுல ஒரு அக்காவை இப்பவும் சாட்ஸ்வொர்த்ல இருக்குற பாங்லாடேஷ் மார்க்கெட்ல பாக்குறேன், பார்த்தா சிரிக்கும், எனக்குத் தான் நிமிர்ந்து பாக்க முடியாது. ஒரு வார்த்தைக்குத் தண்டனை குடுத்தா அது ஒரு ஆளோட நிக்காது.

"அதுக்காக கெட்ட வார்த்தை பேசலாமா, மரியாதையா சொல்லியிருக்கலாமே"ன்னு கமெண்ட்ல நாலு பேர். அவ ரெண்டு லெட்டர் எழுதினா. மரியாதையா தான் எழுதினா, எனக்குக் காட்டினா, டியர் சார்னு ஆரம்பிச்சு யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லின்னு முடிச்சிருந்தா. பதில் வரல. நீங்க சொல்ற மரியாதை அந்த ரெண்டு லெட்டர்லயும் இருந்துச்சு.

அப்படின்னா ஷாப் ஸ்டூவர்ட் என்ன வேணாலும் பேசலாமான்னா, இல்ல. நிறத்தை, சாதியை இழுத்துத் திட்டினா, ஒரு பொண்ணோட உடம்பை வெச்சுத் திட்டினா, வெட்டுவேன் கொளுத்துவேன்னா நானே அவளுக்கு எதிரா நிப்பேன். இந்த நாட்டுல அதெல்லாம் பட்டு வந்தவங்க நாம. லேபர் அப்பீல் கோர்ட்டும், பயப்படாம பேசலாம், ஆனா தேவையில்லாத வம்புக்கு அது லைசென்ஸ் இல்லைன்னு ஒரு தீர்ப்புல சொல்லியிருக்கு. ஒத்துக்குறேன். ஆனா இது தேவையில்லாத வம்பா? 2018ல கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் என்ன சொல்லுச்சு? ஸ்ட்ரைக்ல பாட்டு பாடுனதுக்கு வேலையை விட்டு எடுத்த டங்கன்மெக் கேஸ்ல, அந்தப் பாட்டு புண்படுத்துற பாட்டு தான், ஆனா அதுக்கு வேலையைப் பறிக்கிறது அதிகம், திரும்ப வேலை குடுன்னு நடுவரா இருந்த ஆர்பிட்ரேட்டர் சொன்னதை கோர்ட்டும் சரின்னு ஏத்துக்குச்சு. எந்த இடத்துல, எதுக்காக, யார் கிளப்பிவிட்டுன்னு எல்லாத்தையும் பார்க்கணும்.

ஒரு படிச்ச தம்பி வந்து "அக்கா, யூனியன் வேலையில கோவத்துல திட்டினவங்களுக்கு இருந்த பாதுகாப்பை அமெரிக்காவுலயே எடுத்துட்டாங்க"ன்னு பெருமையா போட்டிருக்கு. முழுசா சொல்லணும் தம்பி. 1979ல அட்லாண்டிக் ஸ்டீல் கேஸ்ல அங்க இருக்குற லேபர் போர்டு நாலு விஷயம் பார்க்கச் சொல்லுச்சு. எங்க பேசினாங்க, எதைப் பத்தி, எவ்வளவு மோசமா, முதலாளி சட்டத்தை மீறி தூண்டிவிட்டானா. அந்தக் கேஸ்ல திட்டின தொழிலாளி தோத்துட்டான், ஆனா அந்த நாலையும் பார்க்குற முறை 40 வருஷம் நிலைச்சு இருந்துச்சு. 2020ல ஜெனரல் மோட்டார்ஸ் கேஸ்ல அதை எடுத்தாங்க, யூனியன் வேலைக்காகப் பழிவாங்குனாங்களா இல்ல திட்டுனதுக்காக மட்டும் தானான்னு பார்த்தா போதும்னு. 2023ல லயன் எலாஸ்டோமர்ஸ் கேஸ்ல பழையதையே திரும்பக் கொண்டு வந்தாங்க. 2024ல அப்பீல் கோர்ட் அந்த முடிவை ரத்து பண்ணுச்சு, அதுவும் போர்டு தனக்குக் குடுத்த வேலையைத் தாண்டிப் போச்சு, கம்பெனி பக்கத்தை ஒழுங்கா கேக்கலைன்னு தான். எந்த முறை சரின்னு கோர்ட் சொல்லல. அங்க இன்னும் சண்டை ஓடிக்கிட்டு இருக்கு. அந்த நாலு கேள்வியையும் நம்ம தங்கச்சி விஷயத்துல கேட்டுப் பாரு. கதவு சாத்தின ரூம்ல, லைன்ல வேலை பாக்குற ஒருத்தர் காதுல விழல. விஷயம் நைட் ஷிப்ட் வண்டி. திட்டுனது ஒரு மூச்சு. தூண்டிவிட்டது யாருன்னு மேல எழுதியிருக்கேன்.

எனக்கு ரொம்ப வலிச்சது நம்ம ஆளுங்க எழுதினது தான். "தமிழ்ப் பொண்ணு வாயில வர்ற பேச்சா இது"ன்னு ஒரு அம்மா. எங்கம்மா தமிழ்ப் பொண்ணு தான் அம்மா. 15 வருஷம் ஒரே பெஞ்சுல தையல், சூப்பர்வைசர் வாயில பேரே கிடையாது, கூலி மேரின்னு இழிவா கூப்பிடுறது தான். எங்கம்மா ஒரு நாள் திருப்பிப் பேசல. 1856ல இங்க கேப் காலனியில போட்ட மாஸ்டர்ஸ் அண்ட் சர்வன்ட்ஸ் சட்டத்துல, எஜமானையோ எஜமான் பொண்டாட்டியையோ வேலைக்காரன் திட்டுனா குற்றம்னே இருந்துச்சு, இந்த மாதிரி சட்டமெல்லாம் போனது 1974ல தான், எனக்கு நினைவு தெரிஞ்சதுக்கப்புறம். அவன் திட்டுனா பேச்சு, நாம திட்டுனா குற்றம். எங்கம்மா கடைசி வரைக்கும் ஃபேக்டரி கதை சொல்லும்போது குரலைத் தாழ்த்தித் தான் சொல்லும், வீட்டுக்குள்ள, கதவு சாத்தியிருக்கும்போது கூட. அதையா நீங்க மரியாதைன்னு சொல்றீங்க? அந்தப் பயத்தையா இந்தப் பொண்ணுக்கும் கத்துக்குடுக்கச் சொல்றீங்க?

கோவத்துல எங்கயோ போயிட்டேன். விஷயத்துக்கு வர்றேன். அன்னைக்கு அந்த ரூம்ல அவளையும் மேனேஜரையும் தவிர நாலு பேர் இருந்தீங்க. எனக்கு யார் யாருன்னு தெரியும், பேர் போட மாட்டேன். அவ என்ன சொன்னாங்கிறது ரெக்கார்ட்ல இருக்கு, அவன் என்ன சொன்னாங்கிறது உங்க நாலு பேர்கிட்ட மட்டும் தான் இருக்கு. நல்லதா கெட்டதா எதுவும் சேர்க்க வேணாம், அவன் சொன்னதை சொன்னபடி எழுதி தேதி போட்டு கையெழுத்து போட்டு புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள யூனியன் ஆபீஸ்ல குடுங்க. வேலை போச்சுன்னா, வேலைத் தகராறுகளை விசாரிக்கிற சிசிஎம்ஏவுக்குப் போக 30 நாள் தான் டைம், அப்பவும் அந்தப் பேப்பர் தான் வேணும். பயமா இருந்தா எனக்கு போன் பண்ணுங்க, நான் கூட வர்றேன்.