கேலனா, லிட்டரா? முதலில் அதைச் சொல்லுங்கள்

மற்ற நாடுகளில் பெட்ரோல் எவ்வளவு மலிவு என்று ரூபாயில் காட்டும் அந்த உலகப் பெட்ரோல் விலைப் பட்டியல் மறுபடியும் சுற்றுக்கு வந்துவிட்டது. அதில் தப்பு இருக்கிறது என்று நேற்று சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். வலிக்கத்தான் செய்கிறது. பட்டத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் லிட்டர் 60 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். அங்கே கேலன் கணக்கில் விற்கிறார்கள். ஒரு கேலன் 3.20 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 272 ரூபாய். அதை 4.546-ஆல் வகுத்தால் 60 வரும். ஆனால் 4.546 லிட்டர் என்பது பிரிட்டிஷ் கேலன். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர்தான். சரியாக வகுத்தால் 72 ரூபாய். ஒரு வகுத்தலில் லிட்டருக்கு 12 ரூபாய் காணாமல் போகிறது. இதைச் சுட்டிக்காட்டியது குற்றமா?

அடுத்து, எந்தப் பெட்ரோல்? பெட்ரோல் எஞ்சினில் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனை அளப்பது ஆக்டேன் எண். அமெரிக்க பம்பில் 87 என்று எழுதியிருப்பது ரிசர்ச், மோட்டார் என்ற இரண்டு ஆக்டேன் சோதனை எண்களின் சராசரி. இருபது சதவீத எத்தனால் கலப்பு வருவதற்கு முன் நம் சாதாரணப் பெட்ரோலுக்கு இருந்த 91 ரிசர்ச் எண் மட்டும். எண்ணைப் பார்த்தால் நம்முடையது உசத்தி போலத் தெரிந்தது. சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஐரோப்பாவில் சாதாரணப் பெட்ரோலே 95. இந்தோனேசியாவின் மானிய விலைப் பெர்டாலைட் 90. இவை எல்லாவற்றையும் 'பெட்ரோல்' என்று ஒரே பத்தியில் போட்டால் அது ஒப்பீடே கிடையாது.

பெட்ரோலில் கலக்கும் எத்தனாலையும் யாரும் பார்ப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல், எத்தனாலில் 21. நம் நாட்டில் போல இருபது சதவீதம் கலந்தால் லிட்டருக்கு 30-க்குச் சற்றுக் கீழே வந்துவிடும், அதாவது 7 சதவீதம் குறைவு. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு லிட்டர் தரும் ஆற்றலுக்கு நமக்கு 1.07 லிட்டர் வேண்டும். பெட்ரோல் பங்கில் 100 ரூபாய் என்றால் ஆற்றல் கணக்கில் 107. பட்டியல் போட்ட தம்பி, உங்கள் வாதத்துக்கு வலுச்சேர்க்கும் கணக்கு இதுதான். இதை விட்டுவிட்டு கேலனில் கோட்டை விட்டிருக்கிறீர்கள்.

மலிவான நாடுகள் என்று ஈரானையும் வெனிசுவேலாவையும் எப்போதும் உச்சியில் வைக்கிறார்கள். ஈரானில் 2019 நவம்பரில் மாதம் 60 லிட்டர் வரை ஒரு விலை, அதற்கு மேல் இரண்டு மடங்கு என்று ஆக்கினார்கள், நாடே கொந்தளித்தது. வெனிசுவேலாவில் 2020 ஜூன் முதல் மானிய விலை ஒன்று, லிட்டர் அரை டாலர் இன்னொன்று. மானிய விலைப் பெட்ரோலுக்கு வரிசை எவ்வளவு நீளம் என்பதைப் பட்டியல் சொல்லாது. மலேசியாவில் 2025 செப்டம்பர் 30 அன்று தொடங்கியபோது அடையாள அட்டை காட்டும் குடிமகனுக்கு மாதம் 300 லிட்டர் வரை 1.99 ரிங்கிட்டாக இருந்தது; அட்டை இல்லாதவருக்கு அன்று 2.60. இதில் எது மலேசியா விலை? எத்தனை லிட்டர் வரை, யாருக்கு என்று எழுதாத எண்ணை நான் நம்ப மாட்டேன். திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்கிறேன்.

"எண்ணெய் எடுக்கும் நாட்டில் மலிவு, அவ்வளவுதான்" என்று ஒருவர் முடித்துவிட்டார். நார்வே எடுக்கிறது, ஆனால் வரி போட்டு விற்பதால் விலையோ உலகின் மிக உயர்ந்த விலைகளில் ஒன்று. சவூதியில் 2021 ஜூலையில் 91 ஆக்டேனுக்கு 2.18 ரியால் என்று அரசு உச்சவரம்பு கட்டியது. இரண்டுமே அரசு எடுத்த முடிவு.

"அப்படியானால் இங்கே விலை நியாயம் என்கிறாயா?" இல்லை! ஒருபோதும் சொன்னதில்லை. ஜெர்மனியில் நம்மைவிட அதிகம் என்று அதே பட்டியலைக் காட்டி வாயடைக்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஜெர்மனியில் 2025-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. லிட்டர் 1.70 என்றாலும் ஒரு மணி நேர உழைப்பில் ஏழு லிட்டருக்கு மேல் வாங்கலாம். நம் ஊரில் நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் நாள் முழுக்க 336 ரூபாய். மூன்று லிட்டர் சொச்சம். கூலியைப் பக்கத்தில் வைக்காத ஒப்பீடு ஏழைக்குச் செய்யும் அநியாயம்.

2020-இல் கச்சா எண்ணெய் தரைமட்டமானபோது விலை இறங்கவில்லையே, ஏன்? மார்ச்சில் லிட்டருக்கு 3 ரூபாய், மே மாதம் 10 ரூபாய் என்று மத்திய கலால் வரியை ஏற்றி 32.98-இல் நிறுத்தினார்கள். பிறகு இரண்டு முறை குறைத்து 19.90, 2025 ஏப்ரலில் மீண்டும் ஏற்றி 21.90 ஆக்கினார்கள். அதன் மேல் தமிழ்நாட்டு வாட் (மாநில விற்பனை வரி) 13 சதவீதம், கூடவே லிட்டருக்கு 11.52. அந்த 13 சதவீதம் கலால் வரியும் சேர்ந்த தொகை மீது. வரிக்கு வரி. கோபப்பட வேண்டிய இடம் இதுதான். வெனிசுவேலாவைக் காட்டினால் இங்கே யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை; இந்த எண்களைக் காட்டினால் சென்னையும் டில்லியும் பதில் சொல்லியாக வேண்டும்.

டில்லி விலையை எண்ணெய் நிறுவனம் இப்படிப் பிரித்து வெளியிடுகிறது. திருநெல்வேலியில் வண்டிக்குப் போடுகிறவருக்கும் அதே பிரிவு பில்லிலேயே வேண்டும்: டீலருக்கு நிறுவனம் விற்ற விலை, கலால், டீலர் கமிஷன், வாட். நான்கே எண்கள். அதைக் கேட்டு எழுதுங்கள், முதல் ஆளாக நான் பகிர்கிறேன்.