பருப்புப் புரதம் உடம்பில் ஒட்டாதா?

"பருப்பில் இருப்பது அரைகுறைப் புரதம், உடம்பில் ஒட்டாது, சைவக்காரர்கள் பவுடர் வாங்கியே ஆக வேண்டும்" என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளால் ஆனது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை அரிசி தருகிறது. இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டும் என்றுகூட இல்லை. அன்றைய நாளுக்குள் சேர்ந்தால் சரி.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராம். வேகவைக்காத துவரம்பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 21 கிராம் உண்டு. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 9 கிராம். அப்புறம் தயிர், நிலக்கடலை, சோயா எல்லாம் இருக்கின்றன. ஆனால் பருப்பைத் தேட வேண்டிய ஹோட்டல் சாம்பாரை நம்பினால் கணக்கு உதைக்கும்!

தசை வளர்க்கப் புரதப் பவுடர் வேண்டாம் என்றே அந்த நிறுவனத்தின் 2024 உணவு வழிகாட்டி சொல்கிறது. அவர்கள் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.