நான் பிரதமருக்கு ஓட்டுப் போடவில்லை, நீங்களும் போடவில்லை

2025 மே 3 சிங்கப்பூர்ப் பொதுத்தேர்தல் முடிந்த அடுத்த வாரம். எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் பக்கத்து வீட்டு அண்ணன் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங்கை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நான் லாரன்ஸ் வோங்குக்குத்தான் தம்பி ஓட்டுப் போட்டேன்."

நாங்கள் இருப்பது தீவின் கிழக்குப் பக்கம். பிரதமர் வோங் நின்றது வடக்கே, மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதியில். அண்ணனின் வாக்குச்சீட்டில் அந்தப் பெயர் இருந்திருக்கவே முடியாது. அதைச் சொன்னேன். "அட, எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

ஒன்றில்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் அரசமைப்புச் சட்டத்தில், மக்கள் பிரதமரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று ஒரு வரிகூடக் கிடையாது. 25ஆம் பிரிவின்படி, நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கை யாருக்குக் கிடைக்கும் என்று அதிபர் கருதுகிறாரோ, அந்த உறுப்பினரைப் பிரதமராக நியமிப்பார். 26ஆம் பிரிவு இறக்கும் வழி. அந்த நம்பிக்கை போய்விட்டது என்று அதிபருக்கு உறுதிப்பட்டால் பதவி காலியானதாக அறிவிப்பார். அதற்கு முன்பே பிரதமர் கேட்டுக்கொண்டால் நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தலுக்கும் விடலாம். அவ்வளவுதான். நாம் அனுப்புவது உறுப்பினர்களை. பிரதமரை ஏற்றுவதும் இறக்குவதும் அவர்கள் வேலை.

"இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், இங்கே எப்போது இறக்கியிருக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். இறக்கவில்லை, ஆனால் மயிரிழையில் தப்பிய கதை ஒன்று உண்டு. 1961 ஜூலை. மலேசியாவோடு இணைவது பற்றி ஆளும் மக்கள் செயல் கட்சிக்குள் பிளவு. ஆன்சன் இடைத்தேர்தலில் டேவிட் மார்ஷலிடம் கட்சி தோற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிரதமர் லீ குவான் இயூ தானே சட்டமன்றத்தில் நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்தார். விவாதம் இரவு முழுக்க நீண்டது. மொத்தம் 51 உறுப்பினர்கள், பாதியைத் தாண்ட 26 வேண்டும். சிக்லாப் உறுப்பினர் சஹோரா அகமது உடம்புக்கு முடியாமல் மருத்துவமனையில் படுத்திருந்தார். ஆள் போய்ப் பேசி, ஆம்புலன்சில் அழைத்து வந்தார்கள். ஜூலை 21 விடியற்காலையில் எண்ணிப் பார்த்தால் ஆதரவு 27, எதிர்ப்பு 8, வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 16 பேர். ஒதுங்கியவர்களில் 13 பேர் ஆளும் கட்சிக்காரர்கள்! பிறகு அவர்கள்தான் பாரிசான் சோசியாலிஸ் என்ற புதுக் கட்சியைத் தொடங்கினார்கள். அந்த விடியற்காலையில் இரண்டு பேர் மனம் மாறியிருந்தால் நம் பள்ளிப் பாடநூலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

இன்னொரு தேதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: 1990 நவம்பர் 28. அன்றுதான் லீ குவான் இயூ விலகி கோ சோக் டோங் பிரதமரானார். அதே நாள் லண்டனில் மார்கரெட் தாட்சர் வெளியேறி ஜான் மேஜர் உள்ளே வந்தார். இங்கே பல வருடம் பார்த்துப் பார்த்துச் செய்த கைமாற்றம். அங்கே சொந்தக் கட்சி உறுப்பினர்களே காலை வாரிவிட்டார்கள். தாட்சர் கட்சித் தலைவராக நின்ற மூன்று பொதுத்தேர்தலிலும் ஜெயித்தவர். கட்சிக்குள் நடந்த போட்டியிலும் முதல் சுற்றில் 204க்கு 152 என்று முன்னாலேதான் இருந்தார். விதிப்படி வேண்டிய இடைவெளிக்கு நான்கு ஓட்டுக் குறைந்தது. அமைச்சர்கள் ஒவ்வொருவராக வந்து "இனி ஜெயிக்க முடியாது" என்று சொன்ன பிறகு கிளம்பிவிட்டார். கொடுமை என்று சிலர் சொல்வார்கள். முறை ஒழுங்காக வேலை செய்தது என்பேன் நான்.

முறை கெட்டது அப்புறம்தான். பிரிட்டிஷ் கன்சர்வேட்டிவ் கட்சி, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கடைசிச் சுற்றைச் சந்தா கட்டும் கட்சி உறுப்பினர்களிடம் கொடுத்தது. 2022இல் எம்பிக்களின் கடைசிச் சுற்றில் ரிஷி சுனக்குக்கு 137, லிஸ் டிரஸ்ஸுக்கு 113. கட்சி உறுப்பினர்களோ 81,326க்கு 60,399 என்று டிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். மன்றத்தில் தினமும் அவரோடு உட்கார வேண்டியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் அவரைக் கேட்டிருந்தார்கள். 49 நாளில் கதை முடிந்தது. இறக்கியது யார்? அதே எம்பிக்கள். ஏற்றியவர் ஒருவர், இறக்குபவர் வேறொருவர் என்றால் இப்படித்தான் ஆகும். பெண் பார்த்தது யாரோ, குடும்பம் நடத்துவது யாரோ.

என் நிலைப்பாடு இதுதான்: யாருக்கு இறக்கும் அதிகாரம் இருக்கிறதோ அவர்களே ஏற்றட்டும். ஆனால் எல்லாரும் பார்க்க, மன்றத்துக்குள் வைத்து.

மன்றத்துக்குள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் என் மச்சான். 2018இல் மகாதீர் கூட்டணிக்கு ஓட்டுப் போட வரிசையில் நின்றவர். 2020 பிப்ரவரி 24 மகாதீர் பிரதமர் பதவியிலிருந்து விலகினார். மாமன்னர் உறுப்பினர்களை அரண்மனைக்கு அழைத்து, யாருக்கு ஆதரவு என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மார்ச் 1 முகைதீன் யாசின் பிரதமராகப் பதவியேற்றார், 2018இல் தோற்ற அம்னோ கட்சியின் ஆதரவோடு. "நாங்க தோற்கடிச்சவங்க எப்படி மச்சான் திரும்ப உள்ள வந்தாங்க?" என்று போனில் அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆறுதல் இல்லை. சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் முகைதீன் 2021 ஆகஸ்டில் விலகும்வரை மன்றத்தில் ஒரு நம்பிக்கைத் தீர்மானத்தைக்கூடச் சந்திக்கவில்லை. அதுதான் தப்பு. தலையை எண்ண வேண்டிய இடம் மன்றம்.

மன்றத்தில் எண்ணினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 1999 ஏப்ரல் 17ஐத் தமிழர்கள் மறக்க முடியுமா? அதிமுக ஆதரவை விலக்கிக்கொள்ள, வாஜ்பாய் 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் விழுந்தார். கவிழ்க்க 270 பேர் சேர்ந்தார்கள். அடுத்து யார் என்பதில் அவர்கள் சேரவில்லை. மறுபடி பொதுத்தேர்தல், மறுபடி வாஜ்பாய். ஜெர்மானியர்கள் இதற்கு ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே பிரதமருக்கு இணையான சான்சலரை இறக்க வேண்டும் என்றால், அதே ஓட்டில் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். 1982இல் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது அப்படித்தான், 256க்கு 235. ஸ்பெயினிலும் இதே முறை. 2018இல் ரஹோய் போய் சான்செஸ் வந்தார். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. (தாய்லாந்தில் 2008இல் டிவியில் சமையல் நிகழ்ச்சி நடத்திக் காசு வாங்கியதற்காக நீதிமன்றம் ஒரு பிரதமரின் பதவியையே பறித்தது. அது தனி ரகம், அதை விட்டுவிடுவோம்.)

சரி, நம் வீட்டுக்கு வருவோம். அடுத்த பிரதமர் என்று எதிர்பார்க்கப்பட்ட ஹெங் சுவீ கியட் 2021 ஏப்ரலில் ஒதுங்கிக்கொண்ட பிறகு, முன்னாள் அமைச்சர் கோ பூன் வான் 19 பேரைத் தனித்தனியாகச் சந்தித்துக் கருத்துக் கேட்டார். 15 பேர் வோங்கின் பெயரைச் சொன்னார்கள். அந்த எண்ணிக்கையை வெளியே சொன்னதை நான் பாராட்டுகிறேன். ஆனால் அந்த 19 பேர் யார்? அமைச்சர்கள், அப்போதைய நாடாளுமன்ற நாயகர், தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைமைச் செயலாளர். கடைசியாகச் சொன்னவர் 2020இல் செங்காங்கில் தோற்றவர்; அப்போது நாடாளுமன்ற உறுப்பினரே இல்லை. அமைச்சர் பதவி இல்லாத பின்வரிசை உறுப்பினர்களுக்கு வந்தது, முடிவான பெயருக்கு ஆமோதிப்புத் தெரிவிக்கும் வேலை. சட்டம் நம்பிக்கை வைத்திருப்பது அவர்கள் மேல். அவர்களைத்தானே முதலில் கேட்டிருக்க வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. நம் சட்டத்தின் 46ஆம் பிரிவுப்படி, எந்தக் கட்சியின் பேரில் ஜெயித்தாரோ அந்தக் கட்சி ஓர் உறுப்பினரை நீக்கினால் அவருடைய இருக்கையும் போய்விடும். கட்சித்தாவலைத் தடுக்க அது தேவை, மறுக்கவில்லை. மலேசியாவில் நடந்ததைப் பார்த்தவன் எப்படி மறுப்பேன்? ஆனால் 1961இல் ஒதுங்கிய 13 பேர் கட்சியை விட்டுப் போயும் மன்றத்தில் உட்கார முடிந்தது. இன்று அதே காரியத்தைச் செய்பவரைக் கட்சி நீக்கிவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிரதமரை இறக்கும் அதிகாரம் உறுப்பினர் கையில்; உறுப்பினரை இறக்கும் அதிகாரம் பிரதமர் தலைமை தாங்கும் கட்சியின் கையில். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு மட்டுமாவது இதில் ஒரு விலக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. திட்டுவதென்றால் கீழே திட்டுங்கள்.

இதையெல்லாம் அண்ணனிடமும் சொன்னேன், இவ்வளவு நீளமாக இல்லை. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ பிரதமரைப் பிடிக்கலேன்னா நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

"உங்க எம்பிகிட்ட."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அவருகிட்ட நான் லிஃப்ட் பத்தி மட்டும்தானே பேசியிருக்கேன்."